உள்பக்கத்துச் சாவித்துளை

உங்கள் ஸ்டேஷன் பீரோவின் பூட்டு மழை நாளில் சிக்கும் என்று நினைக்கிறேன், ஐயா. ரைட்டர் காலையில் மூன்று தடவை சாவியைப் போட்டு இழுத்தார். எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பென்சிலைச் சீவி, அந்தக் கரித்தூளைச் சாவியில் தடவி இரண்டு சுற்றுத் திருப்பினால் போதும்.

சொல்கிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

என் பெயர் முனீஸ். வயது முப்பத்து மூன்று. சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம். பத்தொன்பது வயதில் திருப்பூர் வந்தேன். நிட்டிங் மெஷின் மெக்கானிக். பனியன் துணி பின்னுகிற அந்த வட்ட மெஷின் ஒன்றில் இரண்டாயிரத்துக்கு மேல் ஊசிகள் இருக்கும். ஒரே ஒரு ஊசி தேய்ந்தாலும் துணி நெடுக ஒரு கோடு விழும். அந்த ஒற்றை ஊசியைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. கோபக்காரனுக்கு அது சரிப்படாது. என் மனைவி தரணியிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, கை நீட்டியதுமில்லை. கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பூட்டு ஆசை வந்தது 2004இல். முதலாளி மகுடேஸ்வரன் தன் ஆபீஸ் கதவுக்குத் தைவான் பூட்டு ஒன்று போட்டிருந்தார். அதன் சாவியில் பல் இருக்காது. தட்டையான சாவி, இரண்டு பக்கமும் அம்மை வடு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அவர் சாவியைத் தொலைத்துவிட்டார். பூட்டுக்காரர் வந்து அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கடைசியில் கதவை அறுத்தார்கள். கழற்றி எறிந்த பூட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பூட்டுக்கு அவ்வளவு பிடிவாதமா என்று இருந்தது எனக்கு.

பிரித்துப் பார்த்தேன். உள்ளே மூன்று பக்கத்திலிருந்தும் குட்டிக் குட்டிப் பின்கள். ஒவ்வொன்றும் அதனதன் உயரத்தில் நின்றால்தான் நடுவில் இருக்கிற உருளை சுற்றும். பிரவுசிங் சென்டரில் போய்த் தேடினால், இதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பூட்டைத் திறப்பது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுவது, வேறு ஒன்றுமில்லை. அவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. புழக்கத்தில் இருக்கிற பூட்டில் விளையாடக் கூடாது. இன்றைய தேதி வரை நான் பிறத்தியார் பூட்டு ஒன்றைத் தொட்டதில்லை, ஐயா.

கருவிகளை நானே செய்துகொண்டேன். கழித்துப் போட்ட நிட்டிங் ஊசிகள் எங்களிடம் கூடை கூடையாகக் கிடக்கும். நல்ல எஃகு. நுனியைக் கிரைண்டரில் பிடித்தால் சின்னக் கொடி மாதிரி வந்துவிடும். உருளையைத் திருப்பிப் பிடிக்கக் குடைக்கம்பியில் ஒரு வளைவு. அவ்வளவுதான். அந்தத் தைவான் பூட்டைத் திறக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

தரணி நாலே நிமிடத்தில் திறந்தாள்.

அவள் எங்கள் கம்பெனியின் தையல் யூனிட்டில் குவாலிட்டி செக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள். கொமரலிங்கத்தில் தோப்பும் வயலும் உள்ள குடும்பம். துணியைக் கண்ணால் பார்க்க மாட்டாள். விரலை ஓடவிட்டே, எங்கே ஓட்டை, எங்கே முடிச்சு என்று சொல்லிவிடுவாள். 2006இல் கல்யாணம் செய்துகொண்டோம். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவிநாசி கோயிலுக்குப் போனோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்போது வாடகைக்கு இருந்த லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "இது இன்னும் உக்காரலீங்க. இது உக்காந்துருச்சு," என்று ஒவ்வொரு பின்னாகச் சொன்னாள். உருளை சுற்றியதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவளுடைய அண்ணன்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். அது பொய்யில்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு காரில் ஐந்து பேர் லைன் வீட்டுக்கு வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போனார்கள். என் சாதி என்ன, அவள் சாதி என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர்தான் அந்த அறையைக் கொடுத்தார்.

"ஊடு தேடி எதுக்கு அலையறீங்க முனீஸ்? ஷெட்டுக்கு மேல ஸ்டோர் ரூம்பு சும்மாத்தான கெடக்குது. மெசின் நின்னாலும் நீங்க பக்கத்துலயே இருப்பீங்க."

அவிநாசிக்கு வெளியே, காட்டுக்கு நடுவில் அந்த நிட்டிங் ஷெட். கீழே பதினாறு மெஷின். மேலே ஓர் அறை, குளியலறை, ஒரு ஜன்னல். தரை எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். தம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் வட்டம் வட்டமாக வந்துகொண்டே இருக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும் என்பதால் தகரம் அடித்தேன். கதவுக்குக் குழிச்சாவிப் பூட்டுப் போட்டேன், வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற வகை. ஆரம்பத்தில் அவளிடமும் ஒரு சாவி இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒருநாள் அவள் கடைத்தெருவுக்குப் போனபோது, சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டதாக ஓடி வந்து சொன்னாள். அன்றைக்கு அவள் சாவியைக் கேட்டேன். அவளே எடுத்துக் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்கோங்க. இருந்தா வெளிய போகத் தோணுது," என்றாள். நான் பிடுங்கவில்லை.

நாலைந்து வாரம் கழித்து டீ நேரத்தில் படியேறினேன். கதவு திறந்து கிடந்தது. அவள் படியின் உச்சியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் ஊசி ஒன்று.

"சும்மா காத்து வாங்கலாம்னுங்க. உள்ள பஞ்சா இருக்குது."

நான் திட்டவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். இருபது நிமிடம் என்றாள். மறுநாள் அதைவிட நல்ல பூட்டாக மாற்றினேன். அதையும் பதினெட்டு நாளில் திறந்தாள். மூன்றாவதை ஒரு மாதத்தில். திருப்பூரில் கிடைக்காத நல்ல பூட்டுகளைக் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தருவித்தேன். ஒவ்வொன்றையும் முதலில் நான் திறந்து பார்ப்பேன். என்னால் முடியாததை மாட்டுவேன். கருவிகளை நான் ஒருபோதும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. பொங்கலுக்குப் புது ஊசியில் ஐந்து கருவி தீட்டி, துணி உறை தைத்துக் கொடுத்தேன். பெண்டாட்டிக்கு அப்படி யார் செய்வார்கள்? அது எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள் திறந்துகொண்டு படியில் உட்காருவாள், நான் பூட்டை மாற்றுவேன். அதற்கு மேல் அவள் போனதில்லை.

ஐந்தாவது பூட்டு வரைக்கும்.

அன்றைக்கு நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது படியிலும் அவள் இல்லை. அறையிலும் இல்லை. கீழே பதினாறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திருப்பூருக்கு வந்த நாளிலிருந்து எனக்கென்று நான் வைத்திருந்தது அந்த அறையில் இருந்தவளைத்தான். அந்த அறையில் அடைபட்டிருந்தது அவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் ஷெட்டை விட்டு ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா காரியத்துக்குக்கூடப் போகவில்லை.

மூன்று மணிக்கு அவளே திரும்பி வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக் கீரை. கண் வீங்கியிருந்தது.

"பூத்துல இருந்து ஊட்டுக்குப் போன் பண்ணுனேனுங்க. அப்பா எடுத்தாரு. அலோ அலோன்னாரு. எனக்குப் பேச்சே வரல, வெச்சுட்டேன்."

"சரி, விடு," என்றேன். கீரையை வாங்கி வைத்தேன். அன்று சாயங்காலமே பூட்டை மாற்றினேன்.

தானாகத் திரும்பி வந்தவளுக்கு எதற்குப் பூட்டு என்று நேற்று கேட்டீர்கள். ஒரு தடவை திரும்பி வந்தவள் அடுத்த தடவையும் வருவாள் என்று யார் உத்தரவாதம் தருவது?

பூத் நம்பரை வைத்து அவள் அப்பா அவிநாசிக்கு வந்துவிட்டார். பத்து நாளுக்குள். தனியாக. ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார், ஏதோ கோயிலுக்குள் வருகிற மாதிரி.

"ஏனுங்க, முனீஸ்ங்கறது நீங்களுங்களா? நான் தரணிக்கு அப்பனுங்க. லிங்கசாமி."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"பசங்க பண்ணுனதுக்கு மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மாப்ள. அவனுகள நான் சொல்லி அடக்கிப்போட்டேன். ஆத்தா சோறே சரியாத் திங்கறதில்லீங்க. நீங்க ரண்டு பேரும் ஊட்டுக்கு வந்து போகோணும். இப்பக் கண்ணு எங்கீங்க? ஒருக்காப் பாத்துட்டுப் போயிர்றேன்."

"பெங்களூர்ல டிரெய்னிங் போயிருக்காங்க. வரட்டும், நானே கூட்டிட்டு வர்றேன்."

அவர் தலையாட்டினார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல யாருங்க குடியிருக்கறாங்க?"

"ஸ்டோர் ரூம்ங்க."

"அப்பச் சேரீங்க மாப்ள."

அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே, பதினைந்து அடி உயரத்தில், அவள் ஆறாவது பூட்டில் கை வைத்திருந்தாள். மெஷின் சத்தத்தில் கீழே பேசுவது மேலே கேட்க வழியில்லை. அவர் இன்னும் இரண்டு முறை வந்தார். கடைசி முறை ஒரு சேலை கொண்டுவந்து, அவளிடம் கொடுக்கச் சொன்னார். என் டூல் பெட்டியின் அடியில் நீங்கள் எடுத்த அரக்குச் சேலை அதுதான். அவளிடம் கொடுக்கத்தான் வைத்திருந்தேன். நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் கழிவுப் பஞ்சு கூட்டுகிற பாண்டியம்மாள் அக்கா எங்கள் பக்கத்துக்காரர். அவர் மட்டும் ஒருநாள் கேட்டார்.

"ஏம்ப்பா முனீஸு, வந்த மனுசனப் பாத்தா வெட்ட வந்தவரு மாதிரியா இருக்கு? அந்தப் புள்ளைய எதுக்கு இன்னும் பூட்டி வச்சிருக்க? மெசின் நின்னா இருமுற சத்தம் கீழ வரைக்கும் கேக்குதுப்பா."

"அவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாதுக்கா," என்றேன். அவர் பஞ்சு கூட்டப் போய்விட்டார். எல்லாரும் அப்படித்தான். முதலாளிக்குத் தெரியாதா? கூப்பிட்ட நேரத்துக்கு மெக்கானிக் கிடைத்தான், அவருக்கு அது போதும்.

தரணிக்குச் செக்கிங்கில் இருந்த காலத்திலேயே வீசிங் உண்டு. பஞ்சுத் தூசியால் வருவது. மேலே வந்த பிறகு கூடிவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தை நான் தவறாமல் வாங்கிக் கொடுத்துவந்தேன். அந்தக் கடைசி வாரம் மட்டும் மறந்துபோனது.

ஏழாவது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாவதை அவள் திறந்தபோது, அந்த இணையக் குழுவில் எழுதினேன். என் மனைவி என்று எழுதாமல் ஒரு நண்பர் என்று எழுதினேன். யாரும் நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர், இதைத் திறக்கச் சொல் பார்க்கலாம் என்று ஒரு பூட்டு அனுப்பினார். பத்துப் பின். நான் நாலு மாதம் உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. அதற்குள் ஒரு தந்திரம் இருந்தது. பாதிப் பின்கள் உட்கார்ந்ததும் உருளை கொஞ்சம் சுற்றும். திறந்துவிட்டது என்று தோன்றும். திறந்திருக்காது. அந்த இடத்தில் பதறினால் எல்லாம் கீழே விழுந்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். 2008 ஜூனில் அதைக் கதவில் மாட்டினேன். அவள் இதைத் திறந்துவிட்டால் அப்பா வந்து போனதைச் சொல்லிவிடுவது, சேலையைக் கொடுப்பது, இரண்டு பேருமாகக் கொமரலிங்கம் போவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். சத்தியமாக.

அது நடந்த செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரைக்குக் கரண்ட் போயிற்று. அந்த மாதங்களில் தினமும் போனதுதான். ஜெனரேட்டரைப் போட்டோம். அதில் இரண்டு மெஷின்தான் ஓடும், ஷெட்டில் சத்தம் பாதியாக அடங்கிவிடும். அதன் புகைக் குழாய் ஷெட்டின் பின்சுவரோடு மேலே ஏறுகிறது. மாடி உயரத்தில் அதில் ஒரு விரிசல். நான் முதலாளியிடம் சொல்லியிருந்தேன். "நாளைக்கு வெல்டர வரச் சொல்லிருவோமுங்க," என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விரிசல் குளியலறைக் காற்றுத் துவாரத்துக்கு நேராக இருந்தது.

இரண்டேகாலுக்குச் சாப்பாட்டோடு மேலே போனேன். சாவியைப் பையிலிருந்து எடுத்தேன். அப்போதுதான் கேட்டது, உள்பக்கத்துச் சாவித்துளையில் அவள் கருவி நகர்கிற சத்தம். விரலைப் பூட்டின் மேல் வைத்தேன். பின் உட்காருகிற ஒவ்வொரு துடிப்பும் விரலுக்குத் தெரிந்தது. நான் அதுவரைக்கும் போகாத தூரத்துக்கு அவள் போயிருந்தாள்.

சாவியைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டேன்.

என் காலடி அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏனுங்க, நீங்களா? மூச்சு முட்டுதுங்க. உள்ள பூராப் பொகை. தெறங்க."

"இன்னும் கொஞ்சந்தான் தரணி. அவசரப்படாத."

"முடியலீங்க. சாவியப் போடுங்க."

"வலது பக்க வரிசையில மூணாவதத் தொடு. மெதுவா."

கொஞ்ச நேரம் இருமல் மட்டும். பிறகு கருவி மறுபடி நகர்ந்தது. நான் சொன்ன பின்னைத்தான் தொட்டாள். உருளை லேசாகச் சுற்றியது. உள்ளே அவள் அழுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது, கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். திறந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

"அது பொய்," என்றேன். "கைய எடுத்துராத. அப்படியே பிடிச்சுக்க. அஞ்சு உக்காந்துருச்சு, இன்னும் அஞ்சுதான்."

"முனீசு," என்றாள். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் பேசவில்லை. ஆனால் பூட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆறு. நீண்ட இடைவெளி. ஏழு. எட்டு. நான் கதவில் நெற்றியை வைத்து நின்றிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஒன்பதாவது உட்கார்ந்தபோது எனக்கே கண் கலங்கியது.

அதற்கப்புறம் ஒன்றும் நகரவில்லை. களைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டுக் கலைக்க வேண்டாம் என்று நினைத்தேன். கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மெஷின்களை மறுபடி ஓட்டும் வரை எங்கும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியிலும் உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அப்போது மணி மூன்று ஐந்து. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு என்று சரியாகச் சொல்ல முடியாது. பாண்டியம்மாள் அக்கா கால் மணி நேரம் என்கிறார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாவியைப் போட்டுத் திறந்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. அவள் அதில்தான் சாய்ந்திருந்தாள். என் காலில் வந்து விழுந்தாள். உதடு நீலமாக இருந்தது. படுக்க வைத்தேன், சேலையைச் சரிசெய்தேன்.

அக்கா மேலே வந்தபோது நான் பொண்டாட்டியை விட்டுவிட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை. தரணி உருளையைத் திருப்பிப் பிடிக்கிற கம்பியை ஒரு கிழிந்த பனியன் துணியால் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். கை ஓய்ந்தாலும் பின்கள் விழுந்துவிடக் கூடாது என்று. எனக்கு அந்த யோசனை தோன்றியதே இல்லை. அந்தக் கட்டு தளர்வதற்குள் எத்தனை பின் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பத்தில் ஒன்பது. நான் விரலால் எண்ணியது சரிதான்.

சாவி என் பையில் இருந்தது, நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். அதையும் நான் மறுக்கவில்லை. அவள் அப்பா வந்ததை மறைத்தேன், அவள் அண்ணன்களால் இனி ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகும் பூட்டினேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். ரைட்டர் இரண்டாவது பக்கத்தில் "மனைவியை அடைத்து வைத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. அவளிடம் ஐந்து கருவி இருந்தது. அவள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்திருக்கலாம்.